வாலும் வம்பும்

குலசை முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு நேந்து வேசம் போடுத எங்க வீட்டுப் பிள்ளையளுக்கு வேசத்துணி கடையில எடுக்கக்கூடாதாம். ஆச்சி தச்சா, அம்மா தச்சா, இப்ப என் தலையில. சின்னவனுக்குக் குரங்கு வேசம் நேந்திருக்கு. டவுன் ரதவீதியெல்லாம் அலைஞ்சு வெல்வெட்டு எடுத்தேன். சனியன், ஒண்ணு மேல ஒண்ணு வைக்கவிடாம வழுக்குது! நாலு தையலுக்கு ஒருக்கா பாபின் நூல் சிக்குது. ஊசி 3 ஒடிஞ்சாச்சு. வாலுக்குள்ள கம்பி வச்சு, பஞ்சு அடைச்சு முடிக்கையில ராத்திரி மணி 12.

காலையில போட்டுப் பாத்துட்டு சொல்லுதான், "எம்மா, எனக்குப் போலீஸ் வேசம்தான் வேணும்."

ஏலே, முத்தாரம்மன்கிட்ட நேந்தது குரங்கு வேசம்லா!

அவங்க அப்பா பேப்பர்லயிருந்து தலையத் தூக்காமலே, "வாடகைக்கு எடுத்திருக்கலாம்லா"ங்காக. வாடகைத்துணியில அடிக்கிற வேர்வை நாத்தம் இவாளுக்கு எங்க தெரியும்?

வால் இப்ப கொடியில தொங்குது. பூனை அதோட சண்டை போட்டுக்கிட்டுக் கெடக்கு.