திடீர் ஆத்திரமாம்!

கணவனோ காதலனோ பெண்ணைக் கொல்வது பெரும்பாலும் திடீர் ஆத்திரத்தில்தான் என்று ஒரு கட்டுரை சொல்கிறது, என்னால் ஏற்க முடியவில்லை. ஐ.நா. கணக்குப்படி 2023-இல் உலகம் முழுக்க வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் சுமார் 85,000 பேர், அதில் 51,100 பேரைக் கொன்றது துணைவரோ குடும்பத்து ஆளோதான். இத்தனையும் திடீரென்றா? போனைப் பிடுங்கிப் பார்ப்பது, யாரிடமும் பேசவிடாதது, பின்தொடர்வது, மிரட்டல் என்று அதற்கு முன்பே எவ்வளவோ நடந்திருக்கும். முக்கியமாக, கழுத்தை நெரிப்பது. புகார் சொல்லப் போனால், காயம்கூடத் தெரியவில்லையே என்று சமாதானம் பேசி அனுப்பிவிடுவார்கள். ஆனால் அப்படி நெரிக்கப்பட்ட பெண் பின்னால் நெரித்தவனாலேயே கொல்லப்படும் அபாயம் பல மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் எப்போதோ சொல்லிவிட்டன. அப்புறம் ‘விட்டுட்டு வந்துட வேண்டியதுதானே’ என்று கேட்பவர்களுக்கு: அவள் பிரிந்து போகும் நேரம்தான் ரொம்ப ஆபத்தானது, தங்க இடமும் பாதுகாப்பு உத்தரவும் அந்த வாரமே வேண்டும், ஆறு மாதம் கழித்து அல்ல. பெண் என்பதற்காகவே ஒருத்தியைக் கொல்வதை மெக்சிகோ 2012-இல் தனிக் குற்றமாக்கியது, இத்தாலி 2025-இல். சரி, நல்லதுதான், ஆனால் தண்டனை கொலைக்கு அப்புறம் வருவது. முதல் புகாரின்போதே ‘கழுத்தை நெரித்தானா, ஆயுதம் வைத்திருக்கிறானா’ என்று கேட்டு எழுதிக்கொள்வதற்கு என்ன செலவாகிவிடப் போகிறது?