சோன்யாவும் அந்தப் பணிப்பெண்ணும் வெறும் மோகினிகளா?

கொரிய நுவார் படங்களில் (குற்றமும் இருளும் நிறைந்த படவகை) பெண்கள் ஆண்களைக் கெடுக்க வந்த மோகினிகள் என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

கிம் கி-யங் 1960இல் எடுத்த 'பணிப்பெண்' படத்தையே பாருங்கள். வேலைக்கு வந்தவள் பேய் மாதிரி வருவது உண்மைதான். ஆனால் அந்த மாடி வீட்டுக்காக வருடக்கணக்கில் தையல் மெஷினை மிதித்தவள் மனைவி. தன் கணவனால் பணிப்பெண் கர்ப்பம் என்று தெரிந்ததும் அவளை மாடிப்படியிலிருந்து விழச் சொல்லிக் கருவைக் கலைக்க வைப்பதும் அவளே. பிறகு விஷயம் வெளியே போனால் கணவன் வேலை போய்விடும் என்று அவனையே மாடியில் இருக்கும் பணிப்பெண்ணிடம் அனுப்புகிறாள்! வீட்டையும் மானத்தையும் காக்கிற 'நல்ல மனைவி' எதுவரை போவாள் என்பதுதான் எனக்கு அந்தப் படத்திலேயே பெரிய பயம். படத்தில் விஷமாக வரும் எலி மருந்துகூட அதற்கு அடுத்துதான். அந்தப் பியானோ வாத்தியார் கணவனோ, தான் செய்ததற்குக் கடைசிவரை பரிதாபம் தேடுகிறான்.

ஷின் சாங்-ஓக்கின் 'நரகத்தின் மலர்' (1958) வேறு மாதிரி. போர் முடிந்த சோல், அமெரிக்க ராணுவ முகாம், கள்ளச்சந்தை. சோய் உன்-ஹீ நடித்த சோன்யா அங்கே பாலியல் தொழில் செய்பவள், தன் ஆசையை மறைக்காதவள். சேற்றில் கத்திக்குத்துப் பட்டுச் சாகிறாள். அதே தொழில் செய்த ஜூடிக்கு மட்டும் சோன்யாவுடைய காதலனின் தம்பியோடு கிராமத்துக்குப் போகும் வழி திறக்கிறது, அடக்கமானவள் என்பதால். இந்த ஓரவஞ்சனையைப் பற்றிக் கட்டுரை ஒரு வார்த்தைகூடச் சொல்லாதது எனக்கு வருத்தம்.