15,000 பேர் சொன்னால் சரியாகிவிடுமா?

நகரில் பாதி வீடுகளில் டெங்கு என்று தன்னார்வலர்கள் வெளியிட்ட அந்தக் காய்ச்சல் கணக்கெடுப்பைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். "15,000 பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள், இந்த அம்மாவுக்கு மட்டும் என்ன வந்தது?" என்று நேற்றிரவு முகநூலில் ஒருவர் என் பெயரைப் போட்டே எழுதி, அதற்கு விருப்பக்குறிகளும் குவிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

யார் அந்த 15,000 பேர்? நான் கேட்டது இவ்வளவுதான். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய கூகுள் படிவம். முதல் கேள்வியே, "நிர்வாகத்தின் அலட்சியத்தால் உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்ததா?" காய்ச்சல் கண்ட வீட்டுக்காரர் கோபத்தோடு நிரப்புவார். நன்றாக இருப்பவர் காலை வணக்கப் படங்களோடு சேர்த்து அதையும் தள்ளிவிட்டுப் போவார். கடைசியில் தலைப்பு என்ன? "நகரில் பாதி வீடுகளில் டெங்கு." காய்ச்சல் எந்தப் பரிசோதனையில் டெங்கு ஆனது என்றுகூடக் கேட்கக் கூடாதாம்.

எண்ணிக்கையைப் பார்த்து மயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. 2021இல் அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் இதே முகநூல் வழியாக வாரம் சுமார் 2,50,000 பேரிடம் பதில் வாங்கியது. மே மாதத்தில் அது காட்டிய கொரோனா தடுப்பூசி விகிதம் உண்மையைவிட 17 சதவீதப் புள்ளிகள் அதிகம். சுற்றுக்குச் சுமார் ஆயிரம் பேரை மட்டும் கவனமாகத் தேர்ந்து கேட்ட ஆக்சியோஸ்–இப்சாஸ் கணக்கெடுப்போ உண்மையை ஒட்டியே நின்றது. அந்த டிசம்பரில் இந்த ஒப்பீடு நேச்சர் அறிவியல் இதழிலேயே வந்துவிட்டது. ஆயிரம் பேர்! யார் என்பதுதான் கேள்வி, எத்தனை பேர் என்பதல்ல.

"அவசர காலத்தில் முறை பார்க்க நேரம் ஏது?" இருந்ததே. 2020 மே, ஜூனில், ஊரடங்குக்கு நடுவில், சென்னையின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் முன்னின்று நடத்திய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கொரோனா ஆய்வு, 70 மாவட்டங்களில் வீட்டுக்கு ஒருவராக 28,000 பேரிடம் ரத்தம் எடுத்தது. ஒரு மாதத்துக்குள். போன வீடுகள் 30,283 என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். கிடைக்காமல் போனவர்களை ஒளிக்கவில்லை. வந்த விடை: கொரோனா தொற்றியிருந்தவர்கள் 0.73 சதவீதம். தலைப்புக்கு உதவாத எண்தான்.

"அவர்களிடம் பணம் இருக்கிறது, தன்னார்வலர்களிடம் என்ன இருக்கிறது?" நியாயம். பணம் இல்லாதவர்கள் தலைப்பிலாவது சிக்கனம் காட்டலாமே. கைபேசியில்தான் கேட்க முடிந்தது என்றால் அதைச் சொல்லிவிட்டுப் போங்கள். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தானே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த பெண்கள் நாட்டில் 54 சதவீதம்தான். மீதிப் பெண்களின் காய்ச்சல் யார் படிவத்தில் ஏறும்?

"களத்துக்கு வந்திருக்கிறீர்களா?" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். இதுதான் வலித்தது. ஐயா, 2020 ஜூனில் வடசென்னையில் வீடு வீடாகக் காய்ச்சல் கேட்டுப் போனவள் நான். ஒரு வீட்டில் அந்த அக்கா வாசலை மறித்து நின்று, "இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை" என்றார். உள்ளே இருமல் கேட்டது. எட்டிக் கை நீட்டி டிவி சத்தத்தைக் கூட்டினார். அவர் கண் என் முகத்தில் இல்லை, கொரோனா வந்த வீடு என்று எதிர்வீட்டு வாசலை அடைத்து அடித்திருந்த தகரத்தில் இருந்தது. சொன்னதைத்தான் எழுத வேண்டும். "இல்லை" என்று எழுதினேன். ஓரத்தில் "தகரம்" என்றும் குறித்தேன். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அதே "இல்லை". பிறகு காய்ச்சலைப் பற்றிக் கேட்பதை விட்டு, இந்த வாரம் மருந்துக்கடையில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்கத் தொடங்கினோம். சிலர் வாய் திறந்தார்கள்.

பயந்தவர்கள் குறைத்துச் சொல்வார்கள், கோபத்தில் இருப்பவர்கள் கூட்டிச் சொல்வார்கள். இதைச் சொன்னால் நான் அரசுக்கு ஜால்ரா! அரசின் கணக்கை நம்புங்கள் என்று எங்கே எழுதினேன்? அவர்களிடமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறேன். டெங்குவே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. என் தெருவிலேயே இருக்கிறது.

படிவம் எந்தெந்தக் குழுக்களுக்குப் போனது, எத்தனை பேர் பார்த்தும் நிரப்பவில்லை, ஒரே வீட்டிலிருந்து எத்தனை பதில்கள் வந்தன என்பதை வெளியிடுங்கள். மற்றபடி, ஜால்ரா என்று எழுத வருகிறவர்கள் வரிசையில் வரவும். காலையிலிருந்தே கூட்டம். முதலில் எழுதியவர் என்னிடம் புள்ளியியல் படித்தவர்.