உலகமயமாதல் பாடத்தை டீ-சர்ட்டிலிருந்து தொடங்குங்கள்

உலகமயமாதலுக்கு வரையறை எழுதிப்போட்டுப் பாடத்தைத் தொடங்குவதை விட்டுவிடலாம். மாணவர் போட்டிருக்கும் டீ-சர்ட்டே போதும். ஆனால் லேபிளில் உள்ள நாட்டின் பெயரைப் படித்து, வரைபடத்தில் புள்ளி வைத்ததோடு பல வகுப்புகளில் பாடம் முடிந்துவிடுகிறது. அது பாதி வேலைகூட இல்லை.

லேபிளில் இருப்பது பெரும்பாலும் கடைசியாகத் தைத்த நாடு. பருத்தி எங்கே விளைந்தது, நூலும் சாயமும் எங்கிருந்து வந்தன என்பதெல்லாம் அதில் இருக்காது. பார்கோடு இன்னும் மோசமாக ஏமாற்றும். 890 என்று தொடங்கினால் இந்தியாவில் செய்தது என்று எழுதிவிடுகிறார்கள். பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பின் எந்த நாட்டுக் கிளையில் நிறுவனம் எண் வாங்கியது என்பது மட்டுமே அதற்குப் பொருள்.

பின்னோக்கிப் போக, ஏற்றுமதி இறக்குமதியில் பொருளின் வகையைக் காட்டும் எண்ணான சுங்கக் குறியீடு உதவும். பருத்தி டீ-சர்ட்டுக்கு 610910, சிக்கெடுக்காத பஞ்சுக்கு 5201. நாடுகளின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளைத் திரட்டும் ஐநாவின் காம்ட்ரேட் தரவில் 5201-ஐப் போட்டு, தைத்த நாடு பஞ்சை யாரிடம் வாங்குகிறது என்று பாருங்கள். அது நாட்டளவுக் கணக்கு. கையில் இருக்கும் சட்டையின் பஞ்சு அங்கிருந்துதான் வந்தது என்று எழுதிவிடக் கூடாது. விற்றவர் கணக்கும் வாங்கியவர் கணக்கும் ஒத்துப்போகாமல் இருந்தால் பதற வேண்டாம். இறக்குமதி மதிப்பில் பொதுவாகக் கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்திருக்கும்.

ஏன் அந்த நாட்டில் தைத்தார்கள்? 'கூலி குறைவு' என்று ஒரே வரியில் முடிக்கும் பதிலை நான் ஏற்கமாட்டேன். 1974-இல் வந்த பல்லிழை ஒப்பந்தத்தின் கீழ், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணியும் ஆடையும் வாங்கலாம் என்று பணக்கார நாடுகள் ஒதுக்கீடு வைத்தன. ஒரு நாட்டின் ஒதுக்கீடு தீர்ந்தால் ஆர்டர் அடுத்த நாட்டுக்குப் போனது. பல இடங்களில் ஆயத்த ஆடைத் தொழில் வேர்விட அதுவும் ஒரு காரணம். 2005 ஜனவரி 1-இல்தான் அந்த ஒதுக்கீடுகள் ஒழிந்தன.

வளர்ச்சி என்ற பகுதிக்கு வரும்போது ராணா பிளாசாவைத் தவறாமல் படிக்க வேண்டும். டாக்காவை அடுத்த சாவாரில் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து, 1,100-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கட்டடம். விரிசல் முந்தைய நாளே தெரிந்துவிட்டது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. மேல் தளங்களில் தைப்பவர்களை மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். அதே கட்டடம், அதே விரிசல். தைப்பவர்களால் ஏன் மறுக்க முடியவில்லை? ஏற்றுமதித் தொகையை எத்தனை முறை கூட்டினாலும் இதற்குப் பதில் வராது.

உள்ளூரில் பேட்டி எடுக்கும்போதும் இதையே கேளுங்கள். 'உலகமயமாதல் உங்களை எப்படிப் பாதித்தது?' என்றால் செய்தியில் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்வார்கள். ஆர்டர் நின்றால் எத்தனை நாள் தாங்கும், கூடுதல் நேர வேலைக்கு முடியாது என்று சொன்னால் என்ன ஆகும், சம்பளம் யார் கையில் போகிறது என்று கேளுங்கள். வேலை போனவரிடம், அந்த வேலை வேறு நாட்டுக்குப் போனதா, இயந்திரத்துக்குப் போனதா என்று தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிடுவதுதான் மாணவர் அறிக்கைகளில் அடிக்கடி நடக்கும் தவறு.