கரம் கட்டுகிறேன், கணக்கை வாசியுங்கள்

"எம் பேரப்பிள்ளை சிபிஎஸ்இ பள்ளியில படிக்கான். பீஸு கட்டியே முதுகு ஒடியுது. பிறவு நான் எதுக்கு அரசுப் பள்ளிக்கும் சேத்து கரம் கட்டணும், கேட்டியளா?"

போன வாரம் சாயாக்கடையில் ஒரு மாமா கேட்டது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பெரியவர்களுக்கு வரி இன்றும் கரம்தான். நாலு பேர் தலையாட்டினார்கள். அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். மழை பிடித்துவிட்டது, பேச்சும் கலைந்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

மாமாவின் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. 2022-இல் நகர்ப்புறச் சொத்து வரியை ஏற்றியபோது 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,800-க்கு மேல் 100 சதவீதம். என் வீடு 1,100 சதுர அடி, 50 சதவீதம் ஏறியது. அதோடு நூலக வரி, ரூபாய்க்கு 10 பைசா. சொத்து வரிக்குள்ளேயே கல்விக்கென்று ஒரு பங்கும் இருக்கிறது. நகராட்சிகளில் ஆரம்பக் கல்வி நிதி என்று அதற்குத் தனிக் கணக்கே உண்டு. வருமான வரி கட்டுகிறவர்களிடம் 2018 முதல் சுகாதாரம், கல்வி என்று 4 சதவீதம் மேல்வரியும் பிடிக்கிறார்கள். அந்த மேல்வரியை ஒன்றிய அரசு மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பிஎம்ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று, பள்ளிகளுக்கு ஒன்றிய அரசு தரும் 2024-25-க்கான சமக்ர சிக்‌ஷா பணம் 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆக, நாம் கட்டாமல் இல்லை. கட்டியது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

ஜூன் மாதம் நான் படித்த தொடக்கப்பள்ளிக்குப் போயிருந்தேன். இடவப்பாதி மழை. மூன்றாம் வகுப்பில் கூரையைத் தாங்கும் கழுக்கோல் இற்று இரண்டு ஓடு விலகியிருந்தது. அதன் நேர்கீழே ஓர் அலுமினியச் சருவம். எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை பென்சிலை வைத்துவிட்டு எழுந்தது, நிறைந்த சருவத்தை இரண்டு கையாலும் தூக்கிப்போய் முற்றத்தில் கொட்டியது, சீருடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து விட்ட எழுத்திலிருந்து எழுதத் தொடங்கியது. யாரும் அதனிடம் சொல்லவில்லை. அன்றைக்கு அதன் முறையாம். சின்ன வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டப் படங்களை டீச்சர் சுவரிலிருந்து கழற்றி பீரோமேல் அடுக்கி வைத்திருந்தார். இந்த அளவு பள்ளிக்கு வருடத்துக்கு 25,000 ரூபாய்தான் மானியம். சாக்பீஸிலிருந்து குழாய் ரிப்பேர் வரை எல்லாம் அதற்குள். ஓடு மாற்றித்தரச் சொல்லி எழுதியதற்கு ஓர் அலுவலகத்திலிருந்து வந்த பதில்: நிதி இல்லை.

அன்று திருவிதாங்கூரில் இருந்த இந்த மண்ணில் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதிபாய் அறிவித்தது 1817-இல். ஆனால் கரம் கட்டிய எல்லாருடைய பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளி வாசல் அன்றே திறந்துவிடவில்லை. அதற்கு இன்னும் சில தலைமுறை ஆனது. அதுவரை ஊர்கள் தாங்களே பள்ளிக்கூடம் வைத்தன.

என் பாட்டி உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். பிடியரிசி. ஞாயிற்றுக்கிழமை அது கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகும், விற்ற பைசா சபைப் பள்ளிக்கூடத்துக்கு. பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. தன் பிள்ளைகள் எல்லாரும் படித்து முடித்த பிறகும், கண் மங்கும்வரை, அவள் அந்தப் பிடியை நிறுத்தவில்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே மாமா, அதற்குள் யார் யாருடைய பிடியரிசியெல்லாமோ கிடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. எத்தனை படி சேர்ந்தது, எவ்வளவுக்குப் போயிற்று, எதற்குச் செலவானது என்று சபையில் எல்லார் முன்னாலும் கணக்கு வாசிப்பார்கள். பாட்டி காது கொடுத்துக் கேட்பாள்.

அதைத்தான் நானும் கேட்கிறேன். வரியைக் குறைக்கச் சொல்லவில்லை. இந்த ஊரில் வசூலித்த கல்விப் பங்கு எவ்வளவு, எந்தப் பள்ளிக்கு என்ன செய்தார்கள் என்று அந்தந்தப் பள்ளிச் சுவரில் பெயிண்டில் எழுதட்டும். அப்படி எழுதினால் அடுத்த ஏற்றத்தையும் முணுமுணுக்காமல் கட்டுவேன்.

வருகிற பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு என் வரி ரசீதோடு போகிறேன். மாமா, நீங்களும் உங்க ரசீதை எடுத்துட்டு வாங்க. அந்தச் சருவத்தைக் காட்டுகேன்.