யன்னலா, வாசலா? பழைய பிளேஸ்டேஷனில் டேயஸ் எக்ஸ்

போன கிழமை முழுக்க இரவில் எனக்கு ஒரே வேலைதான். மருமகனுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு அவன் டேயஸ் எக்ஸ் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. கனடாவில் இருந்து வந்த சின்னம்மாவின் மகன் விட்டுவிட்டுப் போன பிளேஸ்டேஷன் 2, அதோடு ஒரு பை நிறைய டிஸ்க். அதற்குள் இதைக் கண்டதும் என் கை பரபரத்தது. ஆனாலும் கொன்ட்ரோலரை அவனிடமே கொடுத்தேன். கொம்பியூட்டரில் இதை எத்தனையோ தடவை முடித்தவன் நான். இதைப் பற்றி ஒன்றுமே தெரியாத பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில், அதுவும் பழைய ரிவியில், இந்த கேம் இன்னும் நிற்குமா என்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

நிற்கிறது. அடிபட்ட இடங்களும் இருக்கின்றன, அதையும் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2000ஆம் ஆண்டு ஜூனில் கொம்பியூட்டருக்கு வந்த கேம். வாரன் ஸ்பெக்டரின் தலைமையில் அயன் ஸ்டோர்ம் நிறுவனத்தின் ஒஸ்டின் குழு செய்தது. கதை 2052இல் நடக்கிறது. சாம்பல் மரணம் என்ற கொள்ளைநோய் பரவுகிறது, அதற்கு அம்புரோசியா என்று ஒரு மருந்து இருக்கிறது, ஆனால் அதிகாரத்துக்கு வேண்டியவர்களுக்குத்தான் கிடைக்கிறது. நாம் ஜே.சி. டென்டன், யுனாட்கோ என்ற பயங்கரவாத எதிர்ப்பு அமைப்பில் புதிதாகச் சேர்ந்த உளவாளி. அண்ணன் பால் டென்டனும் அதே அமைப்பில்தான் இருக்கிறான்.

நான் முதலில் விளையாடியது 2003இல், திருகோணமலை உவர்மலையில் ஒரு நண்பனின் வீட்டில். போர் நின்றிருந்த சமாதான காலம். டொக்யார்ட் வீதிப் பக்கம் போவதென்றால் அடையாள அட்டையை முதலே கையில் எடுத்து வைத்துக்கொண்ட பழக்கம் எங்களுக்கு இன்னும் விட்டுப்போகவில்லை. கேம் தொடங்குவதும் ஒரு இறங்குதுறையில்தான். இரவு, தண்ணீர்ச் சத்தம், துவக்கோடு நடமாடும் ஆட்கள். அதில் அனுமதியோடு உள்ளே போகிறவன் நான். எதிரில் நிற்கிறவர்களுக்குப் பயங்கரவாதிகள் என்று பெயர். கொஞ்சத் தூரம் போனதும் அவர்கள் தங்களுக்குள் பேசுவது காதில் விழுகிறது. மருந்தைப் பற்றி, பசியைப் பற்றி. அன்று நானும் நண்பனும் சுடுவதை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு இருந்தோம். ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லவில்லை. திருகோணமலையில் வளர்ந்த இரண்டு பெடியன்களுக்கு அதை விளங்கப்படுத்த வேறு யாரும் தேவைப்படவில்லை.

சரி, பிளேஸ்டேஷனுக்கு வருவோம். 2002இல் வந்த பதிப்பு இது. கொம்பியூட்டரில் ஓடுவதற்கு ஆகக் குறைந்தது 64 எம்பி ராம் (நினைவகம்) கேட்ட கேமை, 32 எம்பி மட்டுமே உள்ள பெட்டிக்குள் இறக்கியிருக்கிறார்கள். அதற்காக இடங்களை வெட்ட வேண்டி வந்தது. முதல் கட்டமான லிபர்ட்டி தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பியூட்டரில் அது முழுத் தீவாக ஒரே வெளி. சுதந்திரச் சிலையைச் சுற்றி ஒரு வட்டம் போய்க் காவல்காரர்கள் எங்கே திரும்புகிறார்கள் என்று பார்த்து வைக்கலாம். வடக்கு இறங்குதுறையில் நிற்கும் ஃபில்பன் என்ற ஆளிடம் முன்கதவுத் திறப்பை வாங்கலாம், அல்லது பின்பக்கத்தில் பெட்டிகளில் ஏறி மேலே போகலாம். தீவு முழுவதும் மனதில் படமாகப் பதிந்தபிறகுதான் காலை எடுத்து வைப்போம். பிளேஸ்டேஷனில் அதே தீவு துண்டு துண்டாக இருக்கிறது. நடந்துகொண்டே இருக்கும்போது திரை நின்று லோடிங் வருகிறது.

"மாமா, இங்க கதவே இல்லையே, ஏன் லோட் ஆகுது?" என்று மருமகன் கேட்டான். நல்ல கேள்வி. உளவு கேமில் எனக்குப் பெரிய சுகமே அந்த மனப்படம்தான். அதை இப்படி அறுத்துவிட்டது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. இதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல மாட்டேன்.

பையும் அப்படித்தான். கொம்பியூட்டரில் சாமான்களைக் கட்டம் கட்டமாக அடுக்க வேண்டும். ஏவுகணைத் துவக்கு ஒன்றே எட்டுக் கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தூக்கினால் எதை விடுவது என்று இருந்து யோசிப்போம். இங்கே அந்தக் கட்டங்கள் இல்லை. மருமகனுக்கு அது குறையாகவே படவில்லை. எனக்குக் குறைதான்.

குறி வைப்பதில் மட்டும் நான் பயந்தது நடக்கவில்லை. மௌஸால் விளையாடியதைக் கொன்ட்ரோலர் ஸ்டிக்கால் விளையாடுவது பெரும் கரைச்சல் என்று நினைத்திருந்தேன். ஆனால் இந்த கேமில் மௌஸ் இருந்தாலும் எடுத்தவுடனே சுட முடியாது. பயிற்சி குறைந்த கையென்றால் குறிக்கோடுகள் அகன்று நிற்கும். அசையாமல் நின்றால் மெல்ல மெல்லச் சுருங்கும். அதுவரை பொறுக்க வேண்டும். பொறுமைக்காகவே செய்த கேம் என்பதால் ஸ்டிக்கின் மந்தம் பெரிதாக உறுத்தவில்லை. அவசரமாக ஓடி ஓடிச் சுடும் கேம்கள் அந்தக் காலத்துக் கொன்ட்ரோலரில் படும் பாடு இதற்கு இல்லை.

முகங்கள் மரப்பொம்மை மாதிரித்தான். வாய் அசைவதும் பேச்சும் பொருந்தாது. அதைப் பற்றி மருமகன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவனைப் பிடித்தது வேறு. முதல் கட்டத்தில் கண்ட ஆட்களை எல்லாம் சுட்டுத் தள்ளிவிட்டு, சந்தோசமாக அலுவலகத்துக்குத் திரும்பினான். ஆயுதக் களஞ்சியத்தில் இருக்கும் கார்ட்டர் என்ற மனிதர், இவ்வளவு பேரைக் கொல்லத்தான் வேண்டுமா என்ற தோரணையில் பேசினார்.

"மாமா, இந்தாள் எனக்கு ஏசுறார்."

"நீ செய்ததைப் பாத்திட்டார்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினான், இந்தமுறை மின்தடியை மட்டும் வைத்துக்கொண்டு. நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. செய்ததை ஞாபகம் வைத்திருந்து பதில் சொல்கிற கேம் இது. பெண்கள் கழிவறைக்குள் நுழைந்தால் மேலதிகாரி மான்டர்லி அதைக்கூடக் கேட்பார்.

வெள்ளிக்கிழமை இரவு ஹோட்டல் கட்டம் வந்தது. கேமில் அண்ணன் பால் இப்போது மறுபக்கத்துக்குப் போய்விட்டான். யுனாட்கோ ஆட்கள் அவனைத் தேடிக் கட்டிடத்துக்குள் வந்துவிட்டார்கள். யன்னலால் தப்பிப் போ என்று அவனே தம்பிக்குச் சொல்கிறான். 2003இல் நான் போனேன். சொன்னதைத்தானே செய்தேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். பிறகு பிடிபட்டு, சிறையில் இருந்து தப்பி வரும் வழியில் மருத்துவ அறையில் அவன் உடலைக் கண்டேன். யன்னலுக்குப் பதிலாகச் சண்டை போட்டு முன்வாசலால் போயிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்பது பல நாள் கழித்துத்தான் தெரியவந்தது. அங்கே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று திரையில் எந்தக் கேள்வியும் வராது.

மருமகனுக்கு நான் மூச்சும் விடவில்லை. அவன் யன்னலடிக்குப் போனான், வெளியே எட்டிப் பார்த்தான், திரும்பி வந்தான்.

"அண்ணாவை விட்டிட்டு எப்பிடி மாமா போறது?"

ஹோட்டல் நடைவழியில் நான்கு தடவை செத்தான். ஒவ்வொரு தடவையும் அந்த நீண்ட லோடிங். அக்கா அறைக்குள் இருந்து இரண்டு தரம் சத்தம் போட்டா. ஐந்தாவது தடவை படியால் இறங்கி முன்வாசலால் வெளியே போனான். ஆனால் சுரங்கப்பாதை நிலையத்தில் யுனாட்கோவின் குந்தரும் ஆட்களும் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்து சிறை. அங்கிருந்து வெளியே வந்ததும் ஆயுதத்தைத் தேடவில்லை, நேராக மருத்துவ அறையைத் தேடிக்கொண்டு போனான். மணி ஒன்றரை இருக்கும்.

கதவு திறந்தது. கொன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"மாமா, இருக்கிறார்."