பள்ளிக்குப் பூட்டு, மண்டபத்தில் பாடம்

402-இல் 178 போனால் எவ்வளவு என்று கேட்டதற்கு, 376 என்று எழுதிக் காட்டினாள் அந்தப் பெண். ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டு ஆறாம் வகுப்புக்குப் போகப் போகிறவள். எழுதியதைப் பார்த்ததுமே தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. மேலே 2, கீழே 8. இரண்டில் எட்டுப் போகாது, அதனால் எட்டில் இரண்டைக் கழித்து 6 போட்டிருக்கிறாள். அடுத்து மேலே பூஜ்யம், கீழே 7, அந்த ஏழு அப்படியே இறங்கிவிட்டது. நாலில் ஒன்று போக மூன்று. எங்கெல்லாம் கழிக்க முடியவில்லையோ அங்கெல்லாம் தலைகீழாகக் கழித்துவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்பே கைவந்திருக்க வேண்டிய கணக்கு. அதற்குப் பிறகு வந்த வகுத்தல், பின்னம், தசமம் எல்லாம் அவள் தலைக்கு மேலேயே போயிருக்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் அடுத்த வகுப்புக்குப் போய்க்கொண்டே இருந்தாள்.

இது 2025 மே மாதம், எங்கள் குடியாத்தத்தில், ஒரு அம்மன் கோயில் மண்டபத்தில் நடந்தது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து 31 பிள்ளைகளை வைத்துக்கொண்டு கோடை வகுப்பு நடத்தினோம். நான் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டோடு இருந்தவள். கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே பாடம் சொல்லித்தரும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். தினமும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார்ந்த பழக்கம்தான் இந்தத் துணிச்சலைக் கொடுத்தது. மற்ற மூவரில் ஒருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ஒருவர் தறி நெய்பவர், இன்னொரு பெண் அப்போதுதான் கல்லூரிப் படிப்பை முடித்திருந்தாள்.

ஏன் கோயில் மண்டபம் என்று கேட்பீர்கள். பக்கத்திலேயே அரசுப் பள்ளி இருக்கிறது. மின்விசிறி இருக்கிறது, குடிநீர் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, முற்றத்தில் வேப்பமரம் கூட இருக்கிறது. அந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் பூட்டியதை ஜூன் 2 வரைக்கும் திறக்கவில்லை. சாவி கேட்டு மூன்று முறை அலைந்தேன். "மேலே இருந்து உத்தரவு வேணும்மா" என்று ஒருவர். "ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" என்று இன்னொருவர். அவர்கள் பயமும் நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் வரிப்பணத்தில் கட்டிய கட்டடம் ஐந்து வாரம் பூட்டிக் கிடக்க, பிள்ளைகள் மண்டபத்துத் தூண் நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்து உட்கார்ந்து படித்தார்கள். அந்தக் காட்சி இன்னும் மனதை அறுக்கிறது.

"இந்த வெயிலில் பாடமா?" என்று பலர் கோபப்பட்டார்கள். வேலூர் மாவட்டத்து வெயிலை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. பதினொரு மணிக்கு மேல் தார்ச்சாலையில் செருப்பு ஒட்டும். அதனால்தான் காலை 7 மணிக்குத் தொடங்கி 10.30க்கு முடித்தோம். தனியார் பள்ளிகள் சில ஏப்ரலிலேயே அடுத்த வருஷப் பாடத்தை ஆரம்பித்து, பிள்ளைகளைப் பகல் முழுக்க உட்கார வைப்பதை நானும் எதிர்க்கிறேன். ஒன்பதாம் வகுப்பு முடித்த பையனுக்கு மே மாதத்திலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தில் பாதியை முடித்துவிடுவது கற்றுக்கொடுப்பதாகாது. ஓட்டப் பந்தயத்தில் கோட்டைத் தாண்டி நின்றுகொள்வது மாதிரிதான் அது.

இன்னொரு பக்கம், "பிள்ளைகளைச் சும்மா விடுங்க, ஆடட்டும், பாட்டி ஊருக்குப் போகட்டும்" என்பவர்கள். பாட்டி ஊரும் கிணறும் மாந்தோப்பும் இருக்கிற பிள்ளை போகட்டும், கண்டிப்பாகப் போகட்டும். எங்கள் தெருப் பிள்ளைகள் பலருக்குப் பாட்டியும் இதே தெருதான். அப்பா தறிக்கோ லோடு ஏற்றவோ போய்விடுவார். அம்மா வீட்டில் பீடி சுற்றுவார். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக் கட்டுப் போடும், கட்டுக்கு 25. விடுமுறை என்றால் அந்த வீடுகளில் இன்னும் இரண்டு கை கிடைத்தது என்று அர்த்தம். அவர்களை நான் குறை சொல்லவில்லை. கூலி அவ்வளவுதான், என்ன செய்வார்கள்?

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் 1982-இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு உண்டு. பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழை வீட்டுப் பிள்ளையும் வசதியான வீட்டுப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் கற்றார்கள், கோடை விடுமுறையில்தான் இடைவெளி விழுந்தது என்று அதை நடத்தியவர்கள் எழுதினார்கள். அதைத் தண்ணீர்க் குழாயோடு ஒப்பிட்டார்கள். பள்ளி நடக்கும்போது எல்லார் வீட்டுக்கும் குழாயில் தண்ணீர் வருகிறது. விடுமுறையில் குழாய் நின்றுவிடுகிறது. அந்த இடைவெளி அவ்வளவு பெரியதுதானா என்று பிற்பாடு வந்த ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாள் எப்படி இருக்கும் என்று பாலாற்றங்கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டில் தொட்டி கட்டியவர்களுக்குக் கவலை இல்லை. குடத்தை வைத்துக்கொண்டு நிற்பவர்கள்தான் காய்வார்கள்.

சரி, அந்தப் பெண்ணிடம் வருகிறேன். கடன் வாங்கிக் கழிப்பதைக் கரும்பலகையில் இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தேன். தலையை ஆட்டினாள், மறுபடியும் 376 தான். மூன்றாம் நாள் கடையில் தீப்பெட்டிகளை மொத்தமாக வாங்கி வந்தேன். பத்துப் பத்துக் குச்சியாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டு, பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு. அவள் முன்னால் நாலு பெரிய கட்டும் இரண்டு குச்சியும் வைத்தேன். "இதுல 178 எடுத்துக் குடு" என்றேன். கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வீட்டுல சில்லறையா கேட்டா ஒரு கட்டைப் பிரிப்பேன் க்கா, இதையும் பிரிக்கலாமா?" என்று கேட்டாள். பிரி என்றேன். ஒரு பெரிய கட்டைப் பிரித்தாள், பத்துச் சின்னக் கட்டு வந்தது. அதில் ஒன்றைப் பிரித்தாள், பத்துக் குச்சி. ஏற்கெனவே இருந்த இரண்டோடு பன்னிரண்டு. எட்டை எடுத்தாள், நாலு மீதி. ஒன்பது சின்னக் கட்டில் ஏழை எடுத்தாள். மூன்று பெரிய கட்டில் ஒன்றை எடுத்தாள். மீதியை இரண்டு முறை எண்ணிவிட்டு "224" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி. பிறகு நோட்டை இழுத்து வைத்து, பழைய கணக்கை அடித்துவிட்டு அவளே மறுபடி போட்டாள். நடுவில் இருக்கும் பூஜ்யம் ஏன் ஒன்பதாக மாறுகிறது என்று அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதை அவள் மூலமாகத்தான் நானே ஒழுங்காகப் புரிந்துகொண்டேன் என்று தோன்றியது.

நான் சொல்ல வருவது இதுதான். கோடை வகுப்பு நடத்துபவர்களில் நிறையப் பேர், முதல் பாதி பாடம், இரண்டாம் பாதி பாட்டு, கைவினை, விளையாட்டு என்று பிரித்துவிடுகிறார்கள். கசப்பு மருந்து கொடுத்துவிட்டுச் சர்க்கரை கொடுப்பது மாதிரி. இன்னும் சில இடங்களில் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு சர்க்கரையை மட்டும் கொடுக்கிறார்கள். வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்கு ரோபோ செய்யச் சொல்லிக் கொடுத்து என்ன செய்வது? பாடமும் மற்றதும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்க வேண்டும். தீப்பெட்டி, தறி, பஸ், கோட்டை, கூழ், எல்லாவற்றுக்குள்ளும் எழுத்தும் எண்ணும் இருக்கின்றன. அங்கிருந்து எடுத்தால் பிள்ளை தானாக வரும்.

தறிக்கார அண்ணன் ஒரு நாள் லுங்கித் துண்டு கொண்டுவந்து கட்டம் எண்ண வைத்தார். பெருக்கல் வாய்ப்பாட்டுக்கே முகம் சுளித்தவர்கள், நீளத்தில் இத்தனை கட்டம், அகலத்தில் இத்தனை கட்டம், மொத்தம் எத்தனை என்று அடித்துக்கொண்டு சொன்னார்கள்.

ஒரு பையன், ஆறாம் வகுப்பு. பாடப் புத்தகத்தைத் திறந்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுவான். அவனுக்கு வாசிக்கவே தெரியாது என்றுதான் முடிவு கட்டியிருந்தோம். வேலூர்க் கோட்டைக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போன அன்று பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தோம். வந்து நின்ற பஸ்ஸின் போர்டைத் தூரத்திலிருந்தே படித்தான்: "குடியாத்தம், கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி, வேலூர்." மூச்சு விடாமல். அடுத்த பஸ்ஸையும் படித்தான். அவனுக்குத் தெரியாதது எழுத்து இல்லை. புத்தகத்தில் இருக்கிற வரியும் தனக்கானதுதான் என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. அன்றைக்கு வழிநெடுக ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் படித்துச் சொல்வது அவன் வேலை. கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பொருளின் முன்னாலும் நின்று எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துப் பார்த்தான். அவனை அங்கிருந்து கிளப்பத்தான் கஷ்டமாக இருந்தது.

அகழிக் கரையில் உட்கார்ந்து 1806 ஜூலை 10 அன்று அங்கே என்ன நடந்தது என்று தமிழாசிரியர் ஐயா சொன்னார். வெள்ளைக்கார அதிகாரிகள் சிப்பாய்களைத் தாடியை மழிக்கச் சொன்னதும், நெற்றியில் குறி வைக்கக் கூடாது என்றதும், புதுத் தலைப்பாகையைத் திணித்ததும், விடிவதற்குள் சிப்பாய்கள் எழுந்ததும். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அன்றைக்கே அடக்கிவிட்டது என்றதும் ஒரு பொடியன், "ஆற்காடு எவ்ளோ தூரம் கீது? குதிரை எத்தனை மணிக்கு வந்துச்சு?" என்று கேட்டான். ஏறக்குறைய 25 கிலோமீட்டர். குதிரை மணிக்கு இவ்வளவு போனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று அங்கேயே தரையில் கணக்கு நடந்தது. அது நடந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று இன்னொரு பிள்ளை கேட்டது. 2025-இல் 1806 போக எவ்வளவு? என் தீப்பெட்டிப் பெண் குச்சி இல்லாமல், விரலால் மண்ணில் எழுதிக் கழித்தாள். 219.

எல்லாம் இப்படியே நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 31 பேரில் கடைசிவரை தவறாமல் வந்தவர்கள் 19 பேர். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஒட்டி நாலு நாள் மண்டபமே காலி, ஊரே தெருவில் இருக்கும்போது நாங்கள் மட்டும் என்ன செய்வது, நாங்களும் போனோம். இரண்டு பிள்ளைகளுக்கு எங்களால் ஒன்றுமே செய்ய முடியவில்லை. அவர்களுக்கு ஒரு மாதம் போதாது, பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும்.

வந்தவர்கள் ஏன் வந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் பெண்ணின் அம்மா முதலில், "லீவுல இன்னாத்துக்கு டீச்சர் படிப்பு? கூட ஒக்காந்தா நாலு கட்டு சேரும்" என்றார். காலையில் கூழும் சுண்டலும் தருகிறோம் என்ற பிறகுதான் அனுப்பினார். கேழ்வரகுக் கூழ், மோர், சின்ன வெங்காயம், சில நாள் மாங்காய்த் துண்டு. ஏழரை மணிக்கு டம்ளரைக் கையில் வாங்கிய பிறகுதான் சில முகங்களுக்கு உயிர் வரும். பள்ளி நாட்களில் காலை உணவும் மதிய உணவும் கிடைக்கிற பிள்ளைக்கு, விடுமுறை விட்டதும் இரண்டும் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. பசி விடுமுறை எடுக்குமா? 1954-இல் முதலமைச்சரான காமராஜர் சட்டமன்றத்துக்கு இடைத்தேர்தலில் வென்று போனது எங்கள் குடியாத்தம் தொகுதியிலிருந்துதான். மதிய உணவைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவரைத் தேர்ந்தெடுத்த ஊரில், மே மாதத்தில் சத்துணவுக் கூடம் பூட்டிக் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஆசிரியர்களை விடுமுறையிலும் வரச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. பத்து மாதம் தொண்டை கிழியக் கத்தியவர்களுக்கு ஓய்வு வேண்டும். ஊருக்கு ஊர் இல்லம் தேடிக் கல்வியில் பழகிய பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று கொடுத்துக் கையைத் துடைத்துக்கொள்ளாமல், நாலு வாரத்துக்கு ஒரு நியாயமான சம்பளம் கொடுங்கள். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரிப்பது போல, வகுப்பைப் பார்க்காமல் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து உட்கார வையுங்கள். வட்டத்துக்கு ஒரு பள்ளியையாவது காலை ஏழு முதல் பத்தரை வரை திறந்து வையுங்கள். தேர்வு வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம்.

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து போய் 2014லும் 2018லும் காமன்வெல்த்தில் பளுதூக்கித் தங்கம் வாங்கினார் சதீஷ் சிவலிங்கம். அப்படி ஒரு வீரருக்கு கோடையில் பயிற்சிக்கூடத்தைப் பூட்ட வேண்டும் என்று யாராவது சொல்வோமா? எடுத்த எடையை விட்டுவிட்டால் உடம்பு மறந்துவிடும் என்று நமக்குத் தெரிகிறது. எழுத்தும் அப்படித்தான், அதுவும் வீட்டில் ஒரு புத்தகம் கூட இல்லாத பிள்ளைக்கு.

இந்த முறை சாவி கேட்டுத் தனியாக அலையப் போவதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் அதிகம் இருக்கிறார்கள். மார்ச் மாதக் கூட்டத்திலேயே கோடை வகுப்புக்குப் பள்ளியைத் திறந்து தர வேண்டும் என்று தீர்மானம் போட்டு, கையெழுத்தோடு எடுத்துக்கொண்டு போகிறோம். அந்தப் பெண்ணின் அம்மாவும் குழுவில் இருக்கிறார், முதல் கையெழுத்து அவர் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் பக்கம் இருப்பவர்கள் உங்கள் ஊர்ப் பள்ளியிலும் இதைக் கேளுங்கள். கேழ்வரகு வாங்கித் தர, கோட்டைக்குக் கூட்டிப் போக, வாரத்தில் இரண்டு காலை வந்து பிள்ளைகளோடு உட்கார யாருக்கு முடியுமோ, கீழே சொல்லுங்கள். தீப்பெட்டி நான் வாங்கிக்கொள்கிறேன்.